கம்பி இழுத்தாச்சு, வயர்மேன் எங்கே?

“ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்கிறார்களே, நிஜமா? என் பேரன் 30 வாரத்தில் பிறந்தவன். அவன் மூளை வளர்ச்சி எப்படி இருக்கும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: பொய். வயிற்றில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதத்துக்கென்று தனி தோஷம் கிடையாது. இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. 2020இல் உலகம் முழுக்கச் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்தன. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். ஆக, இந்த வாசகர் தனி ஆளல்ல.

குறைமாத மூளை என்றதும் செல்கள் செத்து, ஆங்காங்கே ஓட்டை விழுந்த ஒன்றைத்தான் பலரும் கற்பனை செய்கிறார்கள். 1962இல் பேங்கர், லரோஷ் என்ற இரு மருத்துவர்கள் இறந்த சிசுக்களின் மூளையை ஆராய்ந்து எழுதியதும் கிட்டத்தட்ட அதுதான். பிறகு அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் வந்தன; தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் தேறின. இன்று அப்படிப்பட்ட ஓட்டைகள் அரிது. வரலாறு இவ்வளவு போதும்.

ஓட்டை இல்லாவிட்டாலும் ஏதோ குறைகிறது. என்ன அது?

ஒரு புது வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிரகப்பிரவேசம் பத்தாம் மாதம். சுவர் எழும்பிவிட்டது, அறைக்கு அறை கம்பியும் இழுத்தாச்சு. ஆனால் இது விசித்திரமான வீடு: வெறும் கம்பியை இழுத்துவிட்டு, மேலுறையை வீட்டுக்குள் வைத்தே சுற்ற வேண்டும். கம்பி என்பது நரம்பிழை. சுற்றுகிற வயர்மேன்தான் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல். சுற்றப்படும் உறை மையலின். ஒரே வயர்மேன் நாலா பக்கமும் கை நீட்டி, ஐம்பது இடங்கள் வரைகூடச் சுற்றுவார். உறை ஏறிய கம்பியில் நரம்புச் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும்.

24 முதல் 32 வாரம் வரை மூளையின் வெண்பகுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தொழில் பழகும் வயர்மேன்கள், அதாவது முதிராத செல்கள். ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும், உடம்பில் தொற்று ஏறி அழற்சி கிளம்பினாலும் முதலில் சாய்வது இவர்கள்தான். கம்பி பெரும்பாலும் தப்பிவிடும். குடும்பமோ ஏழாம் மாதமே பால் காய்ச்சிக் குடியேறிவிட்டது!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். சாய்ந்த வயர்மேன்களுக்குப் பதிலாகச் சில நாட்களிலேயே புது ஆட்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். தேவைக்கு மேலேகூட வருகிறார்கள். ஆனால் வேலை நடப்பதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்டீஃபன் பேக் என்பவரின் ஆய்வுக் குழு, விலங்குகளிலும் இறந்த சிசுக்களின் மூளைத் திசுவிலும் இதைத்தான் கண்டது: ஆள் பஞ்சம் இல்லை, ஆட்கள் முதிரவே இல்லை. அடிபட்ட இடத்தில் ஹயலுரோனிக் அமிலம் சேர்ந்துகிடக்கிறது. ஆம், முகத்துக்குப் பளபளப்பு என்று விளம்பரத்தில் வருகிற அதே பொருள்தான். (கிரீமைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்த நீண்ட இழையை நொதிகள் துண்டு துண்டாக நறுக்க, அந்தத் துண்டுகள் இளம் செல்களிடம் “இன்னும் வேலை தொடங்காதே” என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. டிபன் கேரியரும் கையுமாக வயர்மேன்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பி வெறுமனே கிடக்கிறது.

இது கெட்ட செய்திபோலத் தெரியும். யோசித்தால், இதில் பாதி நல்ல செய்தி. செத்தவரை எழுப்ப முடியாது. உட்கார்ந்திருப்பவரை எழுப்ப வழி தேடலாம்.

உடனே “மூளைக்கு மருந்து கண்டுபிடிப்பு” என்று வரும் தலைப்புகளை நம்பிவிடாதீர்கள். எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் மூளையைக் காக்கும் என்று விலங்குச் சோதனைகள் ஆசை காட்டின. 28 வாரத்துக்கு முன் பிறந்த 941 குழந்தைகளில் அதைச் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2020இல் வந்தது: இரண்டு வயதில் மரணத்தையும் கடும் பாதிப்பையும் அது குறைக்கவில்லை.

பலன் தந்தவை மலிவான பழைய சரக்குகள். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் மெக்னீசியம் சல்ஃபேட், குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. மூச்சுவிட மறக்கும் சிசுவுக்குத் தரும் காஃபின் இன்னொன்று. 2,000க்கு மேற்பட்ட சிசுக்களை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வில், காஃபின் பெற்றவர்களிடம் பெருமூளை வாதம் 7.3 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாக இறங்கியது. அதற்காகப் பேரனுக்கு ஃபில்டர் காபி புகட்டக் கூடாது. அது மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து.

வயர்மேனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தச் செல்லின்மேல் ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின் வகை) ஏற்பிகள் இருக்கின்றன, அதாவது வெளியிலிருந்து வரும் மருந்தும் கூப்பிடக்கூடிய போன். ஓபியாய்டுக்கு அடிமையான கர்ப்பிணிகளுக்கு அமெரிக்காவில் அதற்கு மாற்றாகப் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். வர்ஜீனியாவில் கருவுற்ற எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, குறைந்த அளவில் குட்டிகளின் மூளையில் உறை சுற்றும் வேலை முந்தியது, அதிக அளவில் பிந்தியது. எலிக்கு நடந்தது மனிதக் குழந்தைக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல இது போதாது. தாயின் வறுமை, சிகரெட், குறைப்பிரசவம் எல்லாம் பின்னிக் கிடக்கும்போது மருந்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

பிரிக்காமல் பழி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1980களில் கொக்கெய்ன் பழக்கமுள்ள தாய்மாரின் குழந்தைகள் ஒரு தலைமுறையே நாசம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் அந்தக் குழந்தைகளை இருபதாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார். கொக்கெய்னைவிட வறுமையே அதிகம் கெடுத்திருந்தது.

சரி, தாயிடமிருந்து வந்த ஓபியாய்டு பிறந்ததும் நின்றுபோய், அந்த விலகலில் துடிக்கும் சிசுக்களுக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தூக்கினால் சமாதானமாகிறதா என்று மூன்றை மட்டும் பார்த்து, தாயை அருகில் வைத்துப் பராமரித்தார்கள். துடிப்பை அடக்க ஓபியாய்டு மருந்து தேவைப்பட்ட சிசுக்கள், வழக்கமான முறையில் இருந்த 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தார்கள். வீட்டுக்குப் போகத் தயாராக 14.9 நாளுக்குப் பதில் 8.2 நாளே போதுமானது.

வாசகருக்கு இப்போது பதில். எந்த ஒற்றை ஸ்கேனும் உங்கள் பேரனுக்கு ஜாதகம் எழுதாது. உறை சுற்றும் வேலை பிறந்த பிறகும் பல ஆண்டுகள் நடக்கிறது. அவன் வளர்ச்சியை அளக்கும்போது முதல் இரண்டு வயதுவரை பத்து வாரத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். பக்கத்து வீட்டு நிறைமாதக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைகளுக்குச் சொன்ன தேதியில் கொண்டுபோங்கள். ‘மூளை வளர்ச்சி’ என்று லேபிள் ஒட்டிய டானிக் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.