பாப்பா அழுந்துச்சு: மழலைக்குள்ள ஒரு இலக்கணம்

எங்க வீட்டுல ஒரு கூகுள் ஷீட் இருக்கு. தேதி, பொண்ணு சொன்னது, எந்தச் சூழ்நிலையில சொன்னான்னு மூணே பத்தி. அவளுக்கு ஒரு வயசு ஆனப்போ ஆரம்பிச்சது. இப்போ அவளுக்கு நாலு வயசு, ஷீட்ல 214 வரிசை. ஆபீஸ்ல லாக் பார்த்துப் பார்த்து வீட்டுலயும் லாக் எழுத ஆரம்பிச்சுட்டீங்கன்னு மனைவி கிண்டல் பண்ணுவாங்க. ஆனா சாயங்காலம் "இன்னிக்கு ஒண்ணு சொன்னா, எழுதிக்கோங்க"ன்னு போன் பண்றதும் அவங்கதான்.

தனித்தனியா பார்த்தா ஒவ்வொரு வரிசையும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆனா 214 வரிசையையும் ஒரே மூச்சுல படிச்சா வேற ஒண்ணு தெரியுது. குழந்தை தப்பாப் பேசற இடங்கள் கண்டபடி வரலை. பெரும்பாலான தப்புக்குப் பின்னாடி ஒரு விதி இருக்கு. அந்த விதியை அவளுக்கு யாரும் சொல்லித் தரலை.

இதை இப்போ எழுத ஒரு காரணம் உண்டு. பொண்ணு போற விளையாட்டுப் பள்ளியில ஒரு பெற்றோர் கூட்டம் நடந்தது. "வீட்டுல மம்மு, பாச்சின்னு பேசாதீங்க. குழந்தை தப்பாச் சொன்னா உடனே திருத்துங்க"ன்னு அறிவுரை. பக்கத்துல இருந்த அப்பா அம்மாக்கள் தலையாட்டினாங்க, சிலர் குறிப்பும் எடுத்துக்கிட்டாங்க. நல்ல எண்ணத்துல சொன்னதுதான். ஆனா மழலைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்தா, அந்த அவசரம் தேவையில்லைன்னு தோணுது.

மம்மு எங்கேர்ந்து வந்தது?

முதல்ல ஒரு விஷயம். மம்மு, பாச்சி, சோச்சி, பப்பு, தாச்சி, உம்மாச்சி இதையெல்லாம் குழந்தை கண்டுபிடிக்கலை. பெரியவங்கதான் குழந்தைக்குச் சொல்லித் தர்றாங்க. எங்க அம்மா சோத்தை மம்முங்கறாங்க, மாமியார் சோச்சிங்கறாங்க. பொண்ணு ஒன்றரை வயசுல ஆளுக்குத் தகுந்த மாதிரி ரெண்டையும் சொல்லுவா.

சார்லஸ் ஃபெர்குசன்ங்கற மொழியியலாளர் 1964-ல அரபி, மராத்தி, ஆங்கிலம், ஸ்பானிஷ் உட்பட ஆறு மொழிகள்ல இந்த மாதிரி சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார். தொடர்பே இல்லாத மொழிகள்லகூட இவை ஒரே மாதிரி இருந்தன: எளிய மெய்யெழுத்துகள், திரும்பத் திரும்ப வர்ற அசைகள். எதுக்கெல்லாம் இப்படிச் சொல் இருக்குன்னு பார்த்தா சாப்பாடு, உறவுகள், உடம்பு, விலங்குகள். இவை அந்தந்தச் சமூகத்துல பெரியவங்க வழியா தலைமுறை தலைமுறையா வர்ற சொற்கள்னு அவர் காட்டினார்.

நம்ம பட்டியலையே பாருங்க. பருப்புல இருக்கற 'ரு' காணாமப் போய் பப்பு ஆகுது. சோறுல இருக்கற 'று' போய் சோச்சி வருது. ர, ற, ழ, ள எதுவும் இல்லை. உதட்டை மூடித் திறந்தா வர்ற ம, ப; நாக்கு பல்லைத் தொட்டா வர்ற த; நடுவுல அழுத்தமா ஒரு இரட்டை மெய். பாட்டிகள் மொழியியல் படிக்கலை. ஆனா குழந்தை வாய்க்கு எது வரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இதுல என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தினது சார்லஸ் டார்வின். 1839 டிசம்பர்ல மூத்த மகன் வில்லியம் பிறந்தப்போ அவரும் ஒரு குறிப்பேடு ஆரம்பிச்சார். 37 வருஷம் கழிச்சு அதை எடுத்து, 1877-ல 'மைண்ட்' இதழ்ல கட்டுரையா எழுதினார். சரியா ஒரு வயசுல பையன் சாப்பாட்டுக்கு ஒரு சொல்லைத் தானே உண்டாக்கினதா அதுல ஒரு குறிப்பு இருக்கு. அந்தச் சொல் 'மம்'. லண்டன் வீட்டுலயும் மம்முதான்!

ரோமன் யாக்கப்சன் 1960-ல இதுக்கு ஒரு விளக்கம் சொன்னார். பால் குடிக்கறப்போ குழந்தையோட வாய் அடைபட்டிருக்கும், மூக்கு வழியா 'ம்ம்'னு ஒரு முனகல் மட்டும்தான் வெளிய வரும். அப்புறம் பசிக்கறப்போ, சாப்பாட்டைப் பார்க்கறப்போ அதே முனகல் வருது. கொஞ்ச நாள்ல அது சாப்பாட்டுக்கோ, அதைக் கொடுக்கற அம்மாவுக்கோ பேராயிடுது.

டார்வின் மகன் அதோட நிக்கலை. சர்க்கரைக்கு 'ஷு-மம்'னு பேர் வச்சான். 'பிளாக்'ங்கற சொல்லைக் கத்துக்கிட்டதும், கருப்பா இருக்கற அதிமதுர மிட்டாய்க்கு 'பிளாக்-ஷு-மம்'. எங்க ஷீட்ல 31-வது வரிசை: ஐஸ்கிரீமுக்கு 'ஜில் மம்மு'. கையில இருக்கற ரெண்டு சொல்லை ஒட்டி மூணாவதா ஒண்ணு செய்யற வேலை. கைவசம் இருக்கறதே இருபது சொல்னா, அதை வச்சு உலகம் பூராவுக்கும் பேர் வைக்க வேற வழி இல்லையே.

யயில் இல்ல, யயில்!

ரெண்டே கால் வயசுல அவளுக்கு ரயில்னு சொல்ல வராது, யயில்னுதான் வரும். ஒரு நாள் நானும் கொஞ்சலா "யயில் வருதா?"ன்னு கேட்டேன். முறைச்சா. "யயில் இல்ல, யயில்!" "அதான், யயில்?" "இல்லப்பா, யயில்!" கடைசியில "ரயிலா?"ன்னேன். "ஆமா, யயில்"னு திருப்தியா தலையாட்டினா.

இதுக்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கு. ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960-ல ஒரு குழந்தையைப் பத்தி எழுதினாங்க. மீன் பொம்மையை அது 'ஃபிஸ்'னு சொல்லும். பெரியவங்க 'ஃபிஸ்'னு சொன்னா ஏத்துக்காது, 'ஃபிஷ்'னு சொன்னாத்தான் சரிங்கும். அதாவது காதுல விழறது சரியாத்தான் விழுது, மனசுல பதிஞ்சதும் சரியாத்தான் பதிஞ்சிருக்கு. நாக்கு மட்டும் இன்னும் தயாராகலை. இந்த நேரத்துல "ரயில்னு சொல்லு, ரயில்னு சொல்லு"ன்னு துரத்தினா, தெரிஞ்ச விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கறோம்னுதான் அர்த்தம்.

அழுந்துச்சு, விடுத்தேன், வேணாது

ஷீட்ல எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். ரெண்டரை வயசு வாக்குல பொம்மையைக் காட்டி, "பாப்பா விழுந்துச்சு, பாப்பா அழுந்துச்சு"ன்னா. வீடே சிரிச்சுது. அழுந்துச்சுன்னு பெரியவங்க யாரும் பேசி அவ கேட்டிருக்க மாட்டா. அப்போ அது எங்கேர்ந்து வந்தது?

அவ காதுல தினமும் விழறது விழுந்துச்சு, வந்துச்சு, இருந்துச்சு, நடந்துச்சு, பறந்துச்சு. இறந்த காலம்னா 'ந்து' வரும்னு ஒரு கணக்கு போட்டிருக்கா. அதுலயும் விழு, அழு ரெண்டும் ஒரே ஓசை. விழு விழுந்துச்சுன்னா, அழு அழுந்துச்சுதானே? அழுவோட உண்மையான கூட்டாளிகள் உழு, தொழு. உழுதது, தொழுதது, அழுதது. நாலாவது மாடி ஃபிளாட்ல இருக்கற குழந்தை உழுததையும் தொழுததையும் எங்க கேட்கப் போகுது?

இன்னும் சில வரிசைகள்:

பொம்மையைக் கீழ "விடுத்தேன்". எடு எடுத்தேன், குடு குடுத்தேன், படு படுத்தேன். அந்தக் கணக்குல விடு விடுத்தேன். சுடு சுட்டேன், நடு நட்டேன்ங்கற இன்னொரு கூட்டம் அவளுக்கு இன்னும் பரிச்சயம் ஆகலை. வேடிக்கை என்னன்னா, "அழைப்பு விடுத்தார்"னு செய்தித்தாள்ல நாம தினமும் படிக்கறோம்.

"எனக்கு வேணாது". தெரியாது, முடியாது, புடிக்காதுன்னு எல்லாம் 'ஆது'ல முடியறப்போ வேணாம் மட்டும் ஏன் தனியா நிக்கணும்?

"நானுக்கு குடு". மீன் மீனுக்கு, மான் மானுக்கு, பையன் பையனுக்கு. நான் நானுக்கு.

நாலுலயும் விதி சரி. விதிவிலக்குதான் இன்னும் வந்து சேரலை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பழைய வரிசைகளைத் தேடினா, ரெண்டு வயசுல அவ "அழுதுச்சு"ன்னு சரியாவே சொல்லியிருக்கா. ஆறு மாசம் கழிச்சுத்தான் அழுந்துச்சு. அதாவது சரியாச் சொன்ன குழந்தை தப்பாச் சொல்ல ஆரம்பிச்சிருக்கு. ஆங்கிலக் குழந்தைகளும் இப்படித்தான்: முதல்ல 'வென்ட்', அப்புறம் 'கோட்', கடைசியில திரும்ப 'வென்ட்'. பின்னடைவு மாதிரி தெரியும். எங்க தொழில்ல இது பழக்கமான காட்சி. முதல்ல ஒவ்வொரு விடையையும் நேரா எழுதி வச்சிருப்போம், எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும். அப்புறம் அதை எடுத்துட்டுப் பொதுவா ஒரு ஃபங்ஷன் எழுதுவோம். அன்னிக்கு ரெண்டு டெஸ்ட் ஃபெயில் ஆகும். ஆனா புரோகிராம் முன்னேறியிருக்கு. கேட்ட சொல்லை அப்படியே ஒப்பிச்ச குழந்தை, சொல்லைத் தானே செய்ய ஆரம்பிச்சிருக்கு.

கிசத்துக்குப் பசிக்குது

நிஜமாவே விதிதானா, இல்லை எங்கயோ கேட்டதான்னு சந்தேகம் வரலாம். இதைச் சோதிக்க 1958-ல ஜீன் பெர்கோ ஒரு அழகான வழி கண்டுபிடிச்சார். பறவை மாதிரி ஒரு கற்பனைப் பிராணியை வரைஞ்சு, "இது ஒரு வக்"ன்னு குழந்தைகள்கிட்ட சொன்னார். அப்புறம் ரெண்டு பிராணி இருக்கற படத்தைக் காட்டி, வாக்கியத்தை முடிக்கச் சொன்னார். குழந்தைகள் 'வக்ஸ்'னு சொன்னாங்க. உலகத்துல இல்லாத சொல்லை யாரும் மனப்பாடம் பண்ணியிருக்க முடியாது. அப்போ விதி உள்ள இருக்கு.

பொண்ணுக்கு மூணரை வயசு இருக்கறப்போ ஒரு ஞாயித்துக்கிழமை நானும் பழைய காலண்டர் பின்பக்கம் ரெண்டு பூதம் வரைஞ்சேன். ஒண்ணு பேரு கிசம், இன்னொண்ணு டோபன். "ரெண்டுல ஒருத்தருக்குப் பசிக்குது. யாருக்கு?" கொஞ்சம் யோசிச்சு, "கிசத்துக்கு". "அப்போ யாருக்குத் தூக்கம் வருது?" "டோபனுக்கு".

மரம் மரத்துக்கு ஆகுது, படம் படத்துக்கு ஆகுது. நடுவுல வர்ற இந்த 'அத்து'வைத் தொல்காப்பியர் சாரியைகள் பட்டியல்ல வச்சிருக்கார். நமக்கு அது பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குப் படிச்ச பாடம். இங்க ஒரு மூணரை வயசு ஆள், கண்ணால பார்க்காத பிராணிக்கு அத்துச் சாரியையைச் சரியான இடத்துல போட்டு, சாரியை தேவைப்படாத டோபனுக்கு விட்டுட்டா. ஒரே குழந்தை, ஒரே ஞாயித்துக்கிழமை. இது ஆராய்ச்சி ஆகாது, விளையாட்டுதான். உங்க வீட்டுலயும் செஞ்சு பாருங்க. பேப்பர், பேனா போதும்.

அப்போ திருத்தணுமா, வேண்டாமா?

ரோஜர் பிரவுனும் கமில் ஹான்லனும் 1970-ல அம்மாக்கள் குழந்தைகளோட பேசின பதிவுகளை ஆராய்ஞ்சாங்க. பெரும்பாலும் அம்மாக்கள் இலக்கணத்தைத் திருத்தலை. குழந்தை சொன்னது உண்மையா இல்லையான்னுதான் பார்த்தாங்க. அப்படியிருந்தும் குழந்தைகள் சரியாப் பேசக் கத்துக்கிட்டாங்க.

எங்க வீட்டுலயும் பாட்டி செய்யறது அதுதான். "பாப்பா அழுந்துச்சு"ன்னு இவ சொன்னா, "அச்சச்சோ, அழுதுச்சா? ஏன் கண்ணு அழுதுச்சு?"ன்னு கேட்பாங்க. சரியான வடிவம் ரெண்டு தடவை காதுல விழுந்தாச்சு, பேச்சும் அறுபடலை. "அழுந்துச்சு இல்ல, அழுதுச்சுன்னு சொல்லு"ன்னா, பொம்மை ஏன் அழுததுங்கற கதை அங்கயே நின்னுடும். அவ சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பார்க்கணும். நான் சொல்றது பேசற குழந்தையோட தப்பைப் பத்தி. ஒன்றரை வயசு தாண்டியும் சொல்லே வரலைன்னாலோ, கூப்பிட்டாத் திரும்பலைன்னாலோ, வந்த சொற்கள் மறைஞ்சாலோ அது வேற விஷயம். குழந்தை மருத்துவரைப் பார்த்துடறது நல்லது.

அது, அவ, நான்

கடைசியா ஒண்ணு. ரெண்டு வயசு வரைக்கும் பொண்ணு தன்னைப் பத்திச் சொல்றப்போ "பாப்பா சாப்ட்டுச்சு"ம்பா. நாமளும் அப்படித்தானே பேசறோம்? பாப்பா தூங்குது, குழந்தை அழுவுது. மனுஷப் பிறவிக்கு அஃறிணை. இது இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்லை. உயர்திணையா இருந்தாலும் அஃறிணை முடிவு ஏற்கற சொற்கள்னு தொல்காப்பியம் ஒரு பட்டியல் தருது. அதுல மகவு, குழவி ரெண்டும் இருக்கு.

நான்ங்கறது கஷ்டமான சொல். அம்மா சொன்னா அம்மா, அப்பா சொன்னா அப்பா, ஆளுக்கு ஆள் மாறும். பாப்பான்னா எப்பவும் ஒரே ஆள்தான். அதனால முதல்ல "பாப்பா சாப்ட்டுச்சு", நடுவுல கொஞ்ச நாள் "நான் சாப்ட்டுச்சு", அப்புறம் ஒரு நாள் "நான் சாப்ட்டேன்". 96-வது வரிசை. பக்கத்துல 'தயிர் சாதம், தட்டு காலி'ன்னு எழுதியிருக்கேன்.

எதிர்ப்பக்கமும் ஒரு மாற்றம் நடந்திருக்கு. "தூங்குது"ன்னு சொல்லிக்கிட்டிருந்த நாங்க இப்போ "தூங்கறா"ங்கறோம். அது எந்தத் தேதியில மாறுச்சுன்னு ஷீட்ல இல்லை. யயிலும் போயாச்சு, இப்போ தெளிவா ரயில். முதல் தடவை சொன்ன தேதி எல்லாத்துக்கும் இருக்கு. கடைசித் தடவை சொன்ன தேதி எதுக்கும் இல்லை, கடைசின்னு அப்போ தெரியாதே.

அதனால உங்க வீட்டுல மழலை பேசற ஆள் யாராவது இருந்தா, திருத்தறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதி வச்சுக்கோங்க. காலண்டர் தாளா இருந்தாலும் பரவாயில்லை. "நானுக்கு" இன்னும் எங்க வீட்டுல மிச்சம் இருக்கு, அதுவும் தூக்கக் கலக்கத்துல மட்டும்.