மலையேறுமா மலிவு வண்டி?

வெளி மாகாணத்தில் பாவித்த வாகனம் வாங்கப் போகும் மலையக மக்களுக்கு ஒரு கணக்கு

கந்தப்பளை நகரில் விடியற்காலையில் மரக்கறி ஏற்றக் காத்திருக்கும் வண்டிகளின் எண் தகடுகளைப் படித்துக்கொண்டே போனால் நாட்டின் பாதி மாகாணங்கள் வந்துவிடும். மத்திய மாகாணத்து சீ.பி., வெலிமடைப் பக்கத்து ஊவாவின் யூ.பி., மேல் மாகாணத்து டபிள்யூ.பி., வடமேல் மாகாணத்து என்.டபிள்யூ. இவை எல்லாமே வெளியூர் வியாபாரிகளின் வண்டிகள் அல்ல. கொழும்பிலும் கம்பஹாவிலும் குருநாகலிலும் தேடிப் பிடித்து, விலை பேசி, நம்மவர்கள் மலைக்குக் கொண்டுவந்த பாவித்த வண்டிகளும் இவற்றில் உண்டு.

“கொழும்புப் பக்கம் போனா கொறைச்சி எடுக்கலாம்” என்ற பேச்சைத் தோட்டத்தில் கேட்காத ஆள் இல்லை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் குறைந்த விலையை நம்பிப் போய், நகையை அடகு வைத்த காசையும் சீட்டுப் பணத்தையும் ஒரே நாளில் தொலைத்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே போகலாமா, போவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்பதைப் பொறுமையாகப் பேசியாக வேண்டும்.

விலை ஏறிய கதை

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாட்டில் ஏற்கெனவே இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. வாங்கிய விலையை விட, பல வருடம் ஓட்டிய பிறகு விற்ற விலை கூடிப்போன அதிசயம் அப்போதுதான் நடந்தது. இறக்குமதி திறந்த பிறகும் வரிச்சுமையால் புது வண்டி கூலிக் குடும்பத்துக்கு எட்டவில்லை. பாவித்த வண்டிதான் ஒரே வழி.

அந்த வழியும் லேசானதல்ல. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு பாவித்த ஆட்டோ பத்து இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது அந்தச் சம்பளத்தில் ஒருவருடைய 740 நாள் உழைப்பு. சாப்பாடு, பள்ளிக்கூடச் செலவு, மருந்து எதற்கும் ஒரு சதம் எடுக்காமல் மாதம் 25 நாள் வேலைக்குப் போனாலும் இரண்டரை வருடம் ஆகும். இதில் 50,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வண்டி இங்கே ஆடம்பரமும் அல்ல. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய குறுகிய ரயில் பாதை 1948இல் மூடப்பட்டது. அதன் பின் இந்தப் பக்கத்து மக்களுக்கு ரோட்டை விட்டால் வேறு கதியில்லை. கோர்ட்லோட்ஜ், பார்க், கொன்கோடியா, எஸ்க்டேல் என்று சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதே ஒரு பயணம். பிரசவ வலி வந்தவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஆட்டோ. கரட்டையும் லீக்ஸையும் கோவாவையும் வாடுவதற்குள் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சேர்ப்பது டிமோ பட்டாவும் சிறு லொறியும்.

கீழே ஏன் மலிவு?

மேல் மாகாணத்தில் வண்டிகள் அதிகம், விற்பவர்களும் அதிகம். ஒரே மாடலில் பத்து வண்டியை ஒரே நாளில் பார்த்துவிடலாம். உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை பக்கத்திலேயே இருக்கிறது. கந்தப்பளையில் ஒரு நல்ல ஆட்டோ விலைக்கு வந்தால் அதைக் கேட்க ஐந்து பேர் காத்திருப்பார்கள். விலை ஏறத்தானே செய்யும்?

ஆனால் இன்னொரு காரணத்தை நாம் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊரில் விற்கப்படும் வண்டியின் சரித்திரம் ஊருக்கே தெரியும். யார் ஓட்டினார்கள், எந்த வளைவில் புரண்டது, எஞ்சின் எப்போது இறக்கிச் செய்தார்கள், எந்த லீசிங் கம்பெனிக்கு எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் கடைத்தெருவில் விசாரித்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். விற்றவரை நாளைக்கும் கோவில் திருவிழாவில் பார்க்க வேண்டும் என்பதால் பொய் சொல்லவும் அவர் தயங்குவார். உள்ளூர் விலையில் நாம் கொடுக்கும் அந்த மேலதிகத் தொகை இந்தத் தகவலுக்கான விலை. 180 கிலோமீற்றர் தள்ளிப் போய் மலிவாக வாங்கும்போது, அந்தத் தகவல் இல்லாமல் வாங்குகிறோம். போகிறவர் அதைத் தானே தேடி எடுத்தாக வேண்டும். எடுக்க முடியாவிட்டால் போகக் கூடாது.

முதலில் காகிதம்

வண்டியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சீ.ஆர் என்று நாம் சொல்லும் அந்தப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும், விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா? முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் கைக்கு வரும் வரை ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. தவணை கட்டாத வண்டியை யார் கையில் இருந்தாலும் கம்பெனிக்காரர் தேடி வந்து சீஸ் பண்ணிக்கொண்டு போவார். வாங்கியவர் அழுதாலும் வண்டி திரும்பாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வண்டி நம்பரைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, பதிவு விவரங்களைப் பார்க்கலாம். பஸ் ஏறுவதற்கு முன்பே கந்தப்பளையில் இருந்தபடி செய்யக்கூடிய வேலை இது. பஸ் கூலியை விடப் பெறுமதியான செலவு.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ‘ஓபன் பேப்பர்’. பதிவு உரிமையாளர் கைமாற்றப் படிவத்தில் வெறுமனே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். அது நாலு கை மாறி நம்மிடம் வரும். “பேப்பர் எல்லாம் இருக்கு, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்” என்று தரகர் சொல்வார். மாற்றப் போகும் நாளில் முதல் உரிமையாளர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், கையெழுத்துப் பொருந்தாமல் போகலாம். அதுவரை சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி நம்முடையது அல்ல. காலம் கடக்கக் கடக்கத் தாமதக் கட்டணமும் சேரும். பதிவு உரிமையாளர் நேரில் நின்று கையெழுத்து வைக்காத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு தலைவலி மட்டும் குறைந்திருக்கிறது. முன்பு வேறு மாகாணத்து வண்டியை நம் பெயருக்கு மாற்றினால் எண் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரி முதல் புதிதாக வழங்கும் தகடுகளில் மாகாண எழுத்து இல்லை என்பதால் அவற்றுக்கு அந்த மாற்றம் தேவைப்படாது.

மேடும் குளிரும்

கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. கந்தப்பளை சுமார் 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கீழே உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும், பலமும் குறையும். கொழும்பின் சமதரையில் துள்ளிக்கொண்டு ஓடிய லொறி, கரட் மூட்டை ஏற்றி நம் மேட்டில் ஏறும்போது கறுப்புப் புகை தள்ளித் திணறுவது இதனால்தான். ஏற்கெனவே தேய்ந்த எஞ்சினாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உச்சி வெயிலில் எந்தப் பழைய டீசல் எஞ்சினும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். தை மாதத்து உறைபனிக் காலையில்தான் அதன் சுயரூபம் தெரியும். ஆகவே விடிந்தவுடன் போய், “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, ஆறிய எஞ்சினை நம் கண்முன் இயக்கச் சொல்ல வேண்டும். எஞ்சின் முன்பே சூடாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பிரேக்கில் சமரசமே கூடாது. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையின் இறக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த பஸ், வேன் ஒன்றிலும் ஆட்டோ ஒன்றிலும் மோதி 7 பேர் உயிரிழந்ததை மலையகம் மறக்கவில்லை. சமதரையில் போதுமான பிரேக் நம் இறக்கத்துக்குப் போதாது. வாங்கிய வண்டியை மலைக்கு ஏற்றுவதற்கு முன்பே எல்லாச் சக்கரங்களையும் கழற்றிப் பார்ப்பதற்கான செலவை விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கரையோரத்தில் ஓடிய வண்டியின் அடிப்பகுதியை உப்புக் காற்று தின்றிருக்கும். மேலே புதுப் பெயின்ட் மின்னும்போது கீழே குனிந்து பார்ப்பவரே புத்திசாலி. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையை மண்சரிவாலும் கீழ்நாட்டை வெள்ளத்தாலும் வதைத்தது. சீட் விரிப்புக்கு அடியில் சேற்றுப் படிவு, முழுதாக இழுத்த சீட் பெல்ட்டில் கறை, வயர் முனைகளில் பச்சைக் களிம்பு, விலகாத புழுங்கல் நாற்றம் இவை தெரிந்தால் திரும்பி வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் தனியாகப் பார்க்க முடியாது. நம் ஊர் கராஜ் பாஸ் ஒருவரை அவருடைய நாட்கூலியைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மேட்டில் ஓடும் வண்டியை அவர் கை அறியும். விற்பவர் காட்டும் பாஸ் விற்பவருக்காகத்தான் பேசுவார்.

மிச்சம் எவ்வளவு?

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போக்குவரத்து, தங்குமிடம், பாஸின் கூலி, வண்டி பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினால் இன்னொரு பயணம், தரகு, கைமாற்றக் கட்டணம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், மலைக்குக் கொண்டுவரும் எரிபொருள், பிரேக், கிளட்ச் வேலை, வேலை இழந்த நாட்களின் சம்பளம். இத்தனையையும் கூட்டிய பிறகும் உள்ளூர் விலையை விட நன்றாகவே குறைந்தால் மட்டும் போங்கள். பத்தாயிரம், இருபதாயிரம்தான் மிஞ்சும் என்றால், தெரிந்தவரின் வண்டியை உள்ளூரிலேயே வாங்குவது மேல். பொதுவாக, விலை கூடிய லொறியில் இந்தக் கணக்கு சரிவரும் வாய்ப்பு அதிகம். சிறிய ஆட்டோவில் மிச்சம் வழியிலேயே கரைந்துவிடும்.

தனி மனிதர் மட்டும் போதாது

மலையகத்தவருக்கு இன்னும் இரண்டு தடைகள் இருக்கின்றன. தரகர் எழுதும் ஒப்பந்தமும் ரசீதும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாதவர் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்பது 1987இன் 13ஆவது திருத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் கேட்பதற்கும் விளங்கிக்கொண்ட பின்பே கையெழுத்து வைப்பதற்கும் யாரும் கூச்சப்படத் தேவையில்லை. மற்றது முகவரி. லய அறைக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் தபால் தோட்டக் காரியாலயம் வழியாகவே வருகிறது. வண்டிப் பத்திரம் போன்ற முக்கியமான கடிதம் எங்கே தங்கிவிட்டது என்று அலையும் நிலை வருகிறது.

இங்கே தொழிற்சங்கங்களும் ஆட்டோ சங்கங்களும் இளைஞர் கழகங்களும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கிழமையில் ஒரு நாள், கணினியும் சிங்கள வாசிப்பும் தெரிந்த ஓர் இளைஞர் உட்கார்ந்து வண்டி நம்பரைச் சரிபார்த்துக் கொடுக்கட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். வண்டி வாங்கப் போகும் இரண்டு மூன்று பேரை ஒன்று சேர்த்து ஒரே பாஸோடு அனுப்பட்டும், செலவும் பங்காகும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மனம் போதும். சந்தா வாங்கும் சங்கம் தன் உறுப்பினரின் 740 நாள் உழைப்பைக் காப்பாற்ற இதையாவது செய்ய வேண்டும்.