சைகடெலிக் மருந்துகள் குறித்த ஆவணப்படங்கள்

சைகடெலிக் மருந்துகள் குறித்த ஆவணப்படங்கள் என்பவை, புலனுணர்வையும் எண்ண ஓட்டத்தையும் சில மணி நேரம் மாற்றக்கூடிய வேதிப்பொருட்களின் வரலாற்றையும், அவற்றை உளநல மருத்துவத்தில் பயன்படுத்தும் முயற்சிகளையும் பதிவு செய்யும் படங்கள் ஆகும். எல்எஸ்டி, சில காளான்களில் உள்ள சைலோசைபின், சில கள்ளிச் செடிகளில் உள்ள மெஸ்கலின் ஆகியன சைகடெலிக் வகையைச் சேர்ந்தவை. விளைவில் இவற்றினின்று சற்று வேறுபட்ட எம்டிஎம்ஏயும் இப்படங்களில் சேர்த்தே பேசப்படுகிறது.

பின்னணி

சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938 இல் எல்எஸ்டியை உருவாக்கினார். அதன் உள விளைவை 1943 இல் தற்செயலாக அறிந்தார். 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் முதலிய மருத்துவர்கள் இதனைக் குடிநோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். சைகடெலிக் என்னும் சொல்லை ஆக்கியவரும் ஆஸ்மண்டே. பல நாடுகளின் தடைச் சட்டங்களாலும் 1971 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தாலும் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் நின்றுபோயின. 2006 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சைலோசைபின் ஆய்வு ஒன்றை வெளியிட்ட பின்னர் இத்துறை மீண்டும் கவனம் பெற்றது.

குறிப்பிடத்தக்க படங்கள்

- ஹாஃப்மன்ஸ் போஷன் (2002): கோனி லிட்டில்ஃபீல்ட் இயக்கியது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் வெளியீடு. எல்எஸ்டியின் தொடக்ககால மருத்துவ ஆய்வுகளை அவற்றில் ஈடுபட்டோரின் வாய்மொழியாகவே கூறுகிறது.
- டிரிப் ஆஃப் கம்பாஷன் (2017): இஸ்ரேலில் எம்டிஎம்ஏ துணையுடன் நடந்த மன அதிர்ச்சிச் சிகிச்சையின் உண்மையான அமர்வுகளைக் காட்டுகிறது.
- ஃபென்டாஸ்டிக் ஃபங்கை (2019): லூயி சுவார்ட்ஸ்பெர்க் இயக்கியது. பூஞ்சைகளின் உலகைப் பற்றிய இப்படத்தில் சைலோசைபின் சிகிச்சை ஒரு பகுதியாக இடம்பெறுகிறது.
- ஹவ் டு சேஞ்ச் யுவர் மைண்ட் (2022): மைக்கேல் போலனின் நூலைத் தழுவி நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட நான்கு பகுதித் தொடர். எல்எஸ்டி, சைலோசைபின், எம்டிஎம்ஏ, மெஸ்கலின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி உண்டு.

படமும் ஆய்வும்

ஆவணப்படம் பெரும்பாலும் குணமடைந்த ஒருவரின் கதையைக் கூறுகிறது. மருத்துவ ஆய்வோ குணமடையாதோரையும் சேர்த்தே கணக்கிடுகிறது. மனச்சிதைவு நோய் உள்ளோரும் அந்நோயுள்ள குடும்பத்தினரும் பொதுவாக ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. சேர்க்கப்படுவோருக்கும் மருந்து தனியே கொடுக்கப்படுவதில்லை. முன்னதாக உளவியல் ஆயத்தமும், மருந்தின் போது முழுநேரக் கண்காணிப்பும், பின்னர் கலந்துரையாடலும் உண்டு. இவை அனைத்தும் சேர்ந்ததே சிகிச்சை எனப்படுகிறது.

மேலும், மருந்து பெற்றவர் தாம் பெற்றது மருந்தா வெற்று மாத்திரையா என்பதை எளிதில் ஊகித்துவிடுவதால், பயனைத் துல்லியமாக அளப்பது கடினமாகிறது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2024 ஆகஸ்டில் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்க மறுத்து, மேலும் ஓர் ஆய்வைக் கோரியது. ஆஸ்திரேலியாவில் 2023 சூலை 1 முதல், அனுமதி பெற்ற உளநல மருத்துவர்கள் எம்டிஎம்ஏயையும் சைலோசைபினையும் குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் பரிந்துரைக்கலாம்.

இந்தியாவில்

மேற்கூறிய நான்கும் 1985 ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. எல்எஸ்டி 0.1 கிராமுக்கு மேல் இருந்தாலே அது வணிக அளவாகக் கொள்ளப்படும். அதற்குரிய தண்டனை குறைந்தது 10 ஆண்டுச் சிறை ஆகும்.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலைப்பகுதியில் சைலோசைபின் கொண்ட காளான்கள் இயற்கையாக வளர்கின்றன. இவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றோர் கைது செய்யப்பட்டுள்ளனர். காட்டுக் காளானில் மருந்தின் அளவு தெரியாது. நச்சுக் காளானைப் பிரித்தறிவதும் எளிதன்று. உடனிருக்க மருத்துவரும் இல்லை. ஆகவே படத்தில் காணும் சிகிச்சையும் மலையில் விற்கப்படும் காளானும் ஒன்றல்ல.

இத்தகைய படங்களைக் கண்டு தம் மனச்சோர்வுக்கோ குடிப்பழக்கத்திற்கோ தீர்வு தேடுவோருக்கு முறையான மருத்துவ வழிகள் உள்ளன. கிருட்டிணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூர், ஓசூர் முதலிய ஊர்களுக்கு அண்மையில் உள்ள பெரிய உளநல நிறுவனம், பெங்களூரின் ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் ஆகும். அங்கு போதைப் பழக்க மருத்துவத்திற்கெனத் தனி மையம் உண்டு. 2022 அக்டோபர் 10 இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.