வேலை விண்ணப்பமும் வாழ்க்கைக் குறிப்பும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கிராமங்களில் ஓர் இளைஞர் வேலைக்கு மனுச் செய்ய விரும்பினால், அவர் முதலில் நாடுவது பெரும்பாலும் தம் பழைய பள்ளி ஆசிரியரையோ, ஊருக்கு வந்துபோகும் விரிவாக்க ஊழியரையோதான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவருக்கு வேறு வழிகாட்டிகள் அரிது. அவர் கையில் கொண்டுவரும் தாள், வேறொருவருடைய தாளில் பெயரை மட்டும் மாற்றிக் கணிப்பொறிக் கடையில் அச்சிட்டதாக இருக்கும். கடும் உழைப்பாளி, விரைவில் கற்கும் திறனுடையவர், நேர்மையாளர் என்னும் சொற்கள் அதில் தவறாமல் இடம்பெற்றிருக்கும். அவர் செய்த வேலை ஒன்றேனும் இடம்பெற்றிராது. அத்தாளை எவ்வாறு திருத்தி எழுதச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் சொற்களின் வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். சி.வி. எனப்படும் ‘கரிகுலம் வீட்டே’ என்பது இலத்தீன் மொழித் தொடர். வாழ்க்கையின் ஓட்டம் என்பது அதன் பொருள். ஒருவருடைய கல்வி, பணி, ஆராய்ச்சி, வெளியீடுகள் ஆகிய அனைத்தையும் விடாமல் தொகுத்துரைப்பது அது. பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் கேட்பது இதனையே. பக்க வரம்பு பெரும்பாலும் இல்லை. ‘ரெஸ்யூமே’ என்பது பிரெஞ்சுச் சொல்; சுருக்கம் என்று பொருள்படும். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு பக்கத்தில், மிஞ்சினால் இரண்டில், தருவது இது. நம் நாட்டில் நெடுநாள் வழங்கிவரும் ‘பயோடேட்டா’வோ தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை முதலியவற்றை முன்னிறுத்தும் ஒரு விவரப் பட்டியலாகும். மூன்றையும் ஒன்றாகக் கருதி ஒரே தாளை எல்லோருக்கும் அனுப்புவதால்தான் குழப்பம் விளைகிறது.

அரசாங்கப் பதவிகளுக்கு இவை எதுவும் வேண்டுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அரசுப் பணித் தேர்வாணையமாயினும், ஆசிரியர் தேர்வாயினும், இரயில்வேயாயினும் அவற்றுக்கெனக் குறித்த படிவம் உண்டு. அதன் கட்டங்களைப் பிழையின்றி நிரப்புவதே ஆங்கு வேண்டற்பாலது. அழகிய ரெஸ்யூமே இணைப்பதால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. சத்தியவேட்டை அடுத்து 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையிலுள்ள ஆலைகள், தனியார் பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியனவே ரெஸ்யூமே கேட்கின்றன. 2015ஆம் ஆண்டில் திருப்பதியில் தொடங்கப்பெற்ற ஐ.ஐ.டி., ஐஸர் ஆகிய இரு நிலையங்களின் ஆராய்ச்சித் திட்டங்களில் தற்காலிக உதவியாளராகச் சேர விரும்புவோருக்கும் வாழ்க்கைக் குறிப்பு தேவைப்படும்.

நல்ல விண்ணப்பம் எத்தகையது என்பதற்குக் கணித மேதை இராமாநுஜன் எழுதிய இரண்டு கடிதங்களைக் காட்டலாம். முதற்கடிதம் 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு எழுதியது. குமாஸ்தா வேலை ஒன்று காலியாக இருப்பதை அறிந்து அவர் மனுச் செய்தார். சில வாக்கியங்களே கொண்ட சிறு கடிதம் அது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வகுப்பு வரை படித்ததையும், எதிர்பாராத இடையூறுகளால் மேலே தொடர இயலாததையும், அதன்பின் தம் நேரம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டு வந்ததையும் சொல்லி, வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்று கூறி முடிக்கிறார். எஃப்.ஏ. ‘தேறினேன்’ என்று அவர் எழுதவில்லை. அத்தேர்வில் அவர் தேறவில்லை. படிப்பு தடைப்பட்டதை மறைக்கவுமில்லை, அதைப் பற்றிப் புலம்பவுமில்லை. ஒரு வரியில் கடந்து செல்கிறார். 1911ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்திருந்தது. குமாஸ்தா வேலைக்கான மனுவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மார்ச்சு முதல் தேதியன்று, மாதம் ரூ. 30 சம்பளத்தில் அவர் வேலையில் அமர்ந்தார்.

அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமோ முற்றிலும் வேறு வகையானது. தாம் துறைமுக அலுவலகத்தில் குறைந்த சம்பளம் பெறும் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட்டு, ஏறத்தாழ 120 தேற்றங்களைப் பல பக்கங்களில் இணைத்து அனுப்பினார். தம்மை மேதை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பார்த்து முடிவு செய்வதற்கு வேண்டிய சான்றை எதிரே வைத்தார். ஒரே மனிதர் ஓராண்டுக்குள் எழுதிய இரு கடிதங்கள் இவை. குமாஸ்தாவைத் தேடுபவருக்குத் தேற்றங்கள் பயன்படா. கணிதப் பேராசிரியருக்கு மெட்ரிகுலேஷன் தேர்ச்சி பயன்படாது. எவர் படிக்கப் போகிறார், அவர் எதைக் கொண்டு தீர்மானிப்பார் என்று எண்ணிப் பார்ப்பதே ரெஸ்யூமே எழுதும் வேலையின் பெரும்பகுதி.

அக்கடிதத்தில் ஒரு வழு உண்டு. தமக்கு வயது சுமார் 23 என்று அவர் ஹார்டிக்கு எழுதினார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22; ஆகவே அப்போது அவருக்கு 25 வயது நிறைந்திருந்தது. ஹார்டி தேற்றங்களைப் பார்த்தாரேயன்றி வயதைச் சரிபார்க்கவில்லை. இக்காலத்து அலுவலகங்கள் அவ்வாறு விடுவதில்லை. பிறந்த தேதியும் பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இவ்வட்டாரத்தில் தகுதியுள்ளவர்களும் இடர்ப்படுவது இங்கேதான். எஸ். இராமாநுஜன், எஸ். இராதாகிருஷ்ணன் என்னும் இரு பெயர்களையும் நோக்குக. இரண்டிலும் முன்னெழுத்து ஒன்றே. ஆயினும் முன்னவருடைய ‘எஸ்’ சீனிவாச என்னும் தந்தை பெயர். பின்னவருடைய ‘எஸ்’ சர்வேபள்ளி என்னும் வீட்டுப் பெயர். இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டில் திருத்தணியில் பிறந்து, சிறுவயதில் திருப்பதியில் பயின்றவர். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தது முதல் 1960ஆம் ஆண்டில் சென்னை இராஜ்யத்தோடு சேரும் வரையில் திருத்தணி இம்மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வழக்கும், வீட்டுப் பெயரைக் கொள்ளும் தெலுங்கு வழக்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் நாடு இது.

இவ்விரு வழக்கையும் அறியாத படிவமோ, முதற்பெயர் என்றும் குடும்பப் பெயர் என்றும் இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. தமிழ் மாணவர் ஒருவர் ஒருமுறை தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், மறுமுறை வெறும் முன்னெழுத்தை அதே கட்டத்திலும், மூன்றாம் முறை தம் பெயரையே இரு கட்டங்களிலும் எழுதிவிடுகிறார். மூன்று ஆவணங்களில் மூன்று மனிதர்கள் தோன்றிவிடுகிறார்கள். இது போதாதென்று எழுத்தும் இடையூறு செய்கிறது. தெலுங்கில் ழகரம் இல்லை. கனிமொழி என்னும் பெண்ணின் பெயர் தெலுங்குப் பதிவேட்டில் ளகரம் பெற்று, அங்கிருந்து ஆங்கிலத்திற்குப் போகும்போது ‘எல்’ எழுத்தை ஏற்கிறது. தமிழிலிருந்து நேரே சென்றால் ‘இஸட்-எச்’ என்று ஈரெழுத்துகளைப் பெறுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் பெயர் அமைவது இதனால்தான். நேர்முகத் தேர்வில் தேறியபின், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இது தலைகாட்டினால், நியமனம் தள்ளிப்போகவோ கைநழுவவோ கூடும்.

இதற்குச் செய்ய வேண்டியது கடினமன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலுள்ள பெயரையே மூலமாகக் கொண்டு, ரெஸ்யூமேயின் தலைப்பிலும் அதனையே எழுதுதல் வேண்டும். முன்னெழுத்தை விரித்தெழுத நேர்ந்தால், தமிழர் தந்தை பெயரையும் தெலுங்கர் வீட்டுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடலாம். ஆனால் ஒருமுறை இட்டதை எல்லாப் படிவங்களிலும் மாறாது இட வேண்டும். படிவமே வேறு விதி கூறுமாயின் அதற்கே கீழ்ப்படிக. சான்றிதழிலேயே பிழை இருப்பின் தலைமையாசிரியர் வாயிலாகத் தேர்வுத் துறைக்கு எழுதித் திருத்திக்கொள்வது நலம். பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர்ப் பட்டியல் தேர்வுக்கு அனுப்பப்படும் முன்னரே, ஒவ்வொருவர் பெயரையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர், பின்னாளில் எத்தனை ரெஸ்யூமே திருத்தினாலும் செய்ய முடியாத உதவியைச் செய்தவராவார்.

எல்லை கடந்து வேலை தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆந்திரத்தில் எஸ்.எஸ்.சி., இன்டர்மீடியட் என்று வழங்குவன தமிழகத்தில் எஸ்.எஸ்.எல்.சி., மேல்நிலை என்று வழங்குகின்றன. வேலூருக்கோ சென்னைக்கோ மனுச் செய்கையில் ‘இன்டர்மீடியட், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம்’ என்று எழுதுவது படிப்பவரின் ஐயத்தைப் போக்கும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாக இரு மாநிலங்களிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு நடைபெறவில்லை. அவ்வாண்டுகளில் தேறியவர்கள் மதிப்பெண் இடத்தை வெறுமையாக விட்டுச் சந்தேகத்திற்கு இடமளிக்காமல், சான்றிதழில் உள்ளவாறே குறித்துக் காரணத்தையும் ஓரிரு சொற்களில் சேர்ப்பாராக.

இனி, அனுபவம் என்னும் பகுதி. நம் இளைஞர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிடுவது இங்கேதான். சித்தூர்ப் பகுதியின் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள் தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழம் வரும் பருவத்தில் சில வாரங்கள் இரவு பகலாக நடைபெறுகின்றன. விடுமுறையில் அங்கு வேலைக்குச் சென்ற மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிரந்தர வேலையன்று, நாட்கூலி தானே என்று எண்ணி அதனை அவர் எழுதுவதில்லை. அவரிடம் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். என்ன செய்தீர்? பழக்கூழின் மாதிரியை எடுத்து ஒளிவிலகல்மானியில் ஒரு துளி இட்டு, பிரிக்ஸ் அளவைப் பார்த்து எழுதினேன். எத்தனை தடவை? மணிக்கு ஒரு தடவை. எங்கே எழுதினீர்? பதிவேட்டில். அளவு குறைந்தால்? மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

பிரிக்ஸ் என்பது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை உண்டு என்பதைக் காட்டும் அளவு. பழக்கூழில் சர்க்கரையோடு வேறு பொருள்களும் கரைந்திருப்பதால், ஆங்கு அது கரைந்த திடப்பொருளின் அளவாகக் கொள்ளப்படும். கருவியால் அளத்தல், குறித்த நேரத்தில் பதிதல், மாறுபாட்டை உரியவருக்கு அறிவித்தல் ஆகிய மூன்றும் எந்த ஆலையும் விலை கொடுத்து வாங்கும் திறன்கள் அல்லவா? ‘கடும் உழைப்பாளி’ என்பதை அடித்துவிட்டு, அவ்விடத்தில் இவ்வாறு எழுதச் செய்யலாம்: ‘மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் பருவகால ஊழியர், 8 வாரம், இரவு முறை. மணிக்கொருமுறை கூழின் பிரிக்ஸ் அளவை ஒளிவிலகல்மானியால் அளந்து பதிவேட்டில் குறித்தல். அளவு குறைந்தபோது மேற்பார்வையாளருக்கு அறிவித்தல்.’ உழைப்பாளி என்பதைப் படிப்பவர் தாமே அறிந்துகொள்வார்.

இதே மாணவர் ஆலை வேலைக்கு எழுதும்போது இரவு முறையையும் தூய்மை விதிகளைப் பின்பற்றியதையும் முன்வைக்க வேண்டும். ஆராய்ச்சித் திட்டத்திற்கு எழுதும்போது கருவியை ஒவ்வொரு நாளும் தூய நீரைக் கொண்டு சுழிக்குச் சரிசெய்ததையும், அளவுகளைப் பதிந்த முறையையும் முன்வைக்க வேண்டும். செய்யாததைச் சேர்ப்பதன்று இது. செய்தவற்றில் எதை முதலில் கூறுவது என்பதே. நகரி, புத்தூர்ப் பக்கங்களில் வீட்டு விசைத்தறியை ஓட்டிய பெண்ணும், தந்தையின் பால் கணக்கை எழுதிய பையனும் இவ்வாறே விசாரித்து எழுதப்பட வேண்டியவர்கள். இதற்கு வசதியாக, ஒவ்வொரு மாணவரும் தாம் செய்த வேலை, பெற்ற பயிற்சி, தேதி, இடம், சான்று ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவ்வப்போது குறித்துவருதல் நன்று. அதுவே அவருடைய முழு வாழ்க்கைக் குறிப்பு. ரெஸ்யூமேக்கள் அதிலிருந்து வெட்டியெடுக்கப்படுபவை.

வடிவத்தைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் கணிப்பொறி நிரல் படிப்பதுண்டு. பூவேலைக் கரைகள், பலவண்ணக் கட்டங்கள், படங்களுக்குள் அடைத்த எழுத்துகள் ஆகியவற்றை அது சரிவரப் படிப்பதில்லை. எளிய தலைப்புகளும் நேரான வரிகளுமே ஏற்றவை. விளம்பரத்தில் வேலைக்கு எச்சொல் ஆளப்பட்டுள்ளதோ, உண்மையில் பொருந்துமாயின், அச்சொல்லையே ஆள்க.

எழுதக் கூடாதவையும் உள. ஆதார் எண், வங்கிக் கணக்கு, மதம், சாதி, பெற்றோர் வருமானம் ஆகியவை தனியார் நிறுவனத்திற்குச் செல்லும் ரெஸ்யூமேயில் இடம்பெற வேண்டியதில்லை. இடஒதுக்கீடுள்ள அரசுப் படிவத்தில் சாதி கேட்கப்படும்போது சான்றோடு தருவது வேறு. ரெஸ்யூமே பல கைகள் மாறுவது. அதிலுள்ள தொலைபேசி எண்ணைக் கண்டு, வேலை உறுதி என்று கூறி முன்பணம் கேட்போர் உண்டு. பணம் கேட்கும் அழைப்பு எதுவாயினும், அந்நிறுவனத்தின் அலுவலகத்தை நேரே விசாரித்த பின்னரே மறுமொழி கூற வேண்டும் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லி வைத்தல் அவசியம்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு உரியது நற்சான்றுக் கடிதம். இராமாநுஜன் தம் மனுவோடு சென்னைப் பிரஸிடென்ஸிக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த கடிதத்தை இணைத்திருந்தார். கணிதத்தில் இவ்விளைஞருக்கு அசாதாரணமான ஆற்றல் உண்டு என்று அறிந்தவர் ஒருவர் கையொப்பமிட்டுச் சொன்னது அது. ‘நன்னடத்தை உடையவர், எல்லா வளமும் பெறுக’ என்று எல்லோருக்கும் ஒன்றேபோல் எழுதப்படும் சான்றுக்கு எவரும் மதிப்பளிப்பதில்லை. மாணவரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர், எப்பாடத்தில், அவர் செய்யத் தாங்கள் நேரில் கண்டது யாது என்பவற்றை நான்கு வரிகளில் எழுதிப் பெயரும் பதவியும் தொடர்பு எண்ணும் இட்டால் போதும். அவர் பெயர் சான்றிதழில் எவ்வாறு உள்ளதோ, அக்கடிதத்திலும் அவ்வாறே இருக்கட்டும்.