மண்டபத்துச் சாவி யாரிடம்?

இங்கிலாந்துக் கிராமத்தில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, நிதானமாகக் குடியுங்கள். படங்களில் பார்க்கிற வைக்கோல் கூரையும் ரோஜாக் கொடியும் பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, அங்கே எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் போனால் முதல் குளிர்காலத்திலேயே திண்டாட வேண்டிவரும். அந்த ஊர்களை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சம்பளம் வாங்காத அக்கம்பக்கத்தார். இது புரிந்தவர்களுக்கு அங்கே வாழ்க்கை ருசிக்கும். புரியாதவர்கள் பத்து வருஷம் இருந்தாலும் விருந்தாளிகள்தான்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். நகரத்து வீடுகளுக்குக் குழாயில் எரிவாயு வரும். பல கிராமங்களுக்கு அந்தக் குழாய் வந்து சேரவே இல்லை. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரிவது மண்ணெண்ணெயில். கொல்லைப்புறத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கிற பச்சை பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். எண்ணெய் லாரி வாசலில் நின்றதும், டிரைவர் நீளமான குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பூச்செடிகளை மிதிக்காமல் கொல்லைக்கு இழுத்துப் போவார். சாதாரணமாக 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் இருக்கிற அரசு விலை உச்சவரம்பு இந்த எண்ணெய்க்குக் கிடையாது. அதனால் பல ஊர்களில் ஒருவர் முன்வந்து, யார் யாருக்கு எத்தனை லிட்டர் என்று பட்டியல் எழுதி, மொத்தமாகப் பேரம் பேசி வாங்கித் தருவார். புதிதாகக் குடிபோகிறவர் அக்டோபருக்குள் அந்த மனிதர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க் உண்டு. அதன் கழிவை நேரே ஓடையில் விடுவதற்கு 2020-இலிருந்து அனுமதி இல்லை. வீடு வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது போக்குவரத்து. வேலைக்குப் போகிறவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், வீட்டில் இருப்பவருக்கு இதுதான் பெரிய பாடு. 1985-ஆம் வருஷத்துப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு, லண்டனுக்கு வெளியே எந்தத் தடத்தில் பஸ் விடுவது என்பதைப் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. லாபம் வராத தடங்களுக்கு உள்ளூர் கவுன்சில் பணம் கொடுத்தால் பஸ் ஓடும், கையில் பணம் சுருங்கினால் முதலில் நிற்பது கிராமத்து பஸ். வாரத்தில் ஒரே நாள், சந்தை நாளில் மட்டும் பஸ் வருகிற ஊர்கள் இருக்கின்றன. அதே சட்டத்தில் ஒரு நல்ல கதவும் திறந்திருக்கிறது. ஊர்க்காரர்களே சேர்ந்து, லாப நோக்கில்லாமல், தன்னார்வ ஓட்டுநர்களை வைத்து மினிபஸ் விடலாம். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை ஸ்டியரிங் பிடித்து, முட்டிவலிக்காரர்களை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் கூட்டிப்போவது அங்கே சாதாரணக் காட்சி. ஆனாலும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கை லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அதற்குள் அந்த ஊர்ப் பரீட்சையில் தேற வேண்டும்.

ரோடு என்றா சொல்வது? ஒரு வண்டி அகலம், இருபுறமும் காரைவிட உயரமான உயிர்வேலி. சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று பலகை சொல்லும், போகிறவர் புத்தி கெட்டவர். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும். டிராக்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நீங்கள்தான். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது உயர்த்த வேண்டும். விரல் உயராத காரை ஊர் ஞாபகம் வைத்திருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தெருக்கோடியில் மரக்கம்பம் ஒன்றில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். அது காட்டுகிற திசையில் தனியார் வயலுக்குள் தாராளமாக நடந்து போகலாம். யாரும் உங்களை நிறுத்த முடியாது, அது பொதுப்பாதை. அம்புக்குறி நீலமாக இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும்கூட வழி உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். 1932-இல் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில், வேட்டைக்காகப் பூட்டிவைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மலையில் நடக்கும் உரிமை கேட்டு அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம் ஒவ்வொரு பாதையையும் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வழி செய்தது.

வயலுக்கு நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். உழுத 14 நாளுக்குள் திரும்பவும் நடக்கிறபடி செய்து கொடுக்க வேண்டும், பயிர் வளர்ந்த பிறகும் ஒரு மீட்டர் அகலமாவது விட வேண்டும். ஜூன் மாதம் போய்ப் பாருங்கள், இடுப்பளவு கோதுமைக்குள் வகிடு எடுத்ததுபோல் நேராக ஒரு கோடு, அதன் முடிவில் வேலியைத் தாண்ட இரண்டு மரப்படி. கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். மாடு கன்றோடு நிற்கிற வயலில் நாயோடு போனால் சுற்றித் தள்ளி நடங்கள். மாடு விரட்டினால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும், நாய் ஓடித் தப்பிக்கொள்ளும், மாடு குறிவைப்பதும் நாயைத்தான். முள்செடி மண்டிப் பாதையை அடைத்துவிட்டால் புகார் கொடுக்க அதிகாரி உண்டு. ஆனால் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் கத்தரியும் கையுறையுமாக நாலைந்து பெரியவர்கள் போய் வெட்டிவிடுவார்கள். கூடப் போங்கள். ஒரு காலையில் ஊரின் பாதி வரலாறு காதில் விழும்.

ஊர் நிர்வாகத்தின் கடைசிப் படி பாரிஷ் கவுன்சில். 1894-இல் சட்டம் போட்டு உண்டாக்கியது, இன்று இங்கிலாந்தில் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை, எழுத்தர் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. விளையாட்டுத் திடல், பெஞ்சு, பஸ் நிழற்குடை, இடுகாடு, குத்தகைத் தோட்டம் எல்லாம் அவர்கள் கையில். உங்கள் வீட்டு வரியிலேயே அவர்களுக்கென்று ஒரு சின்னப் பங்கு சேர்ந்திருக்கும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அந்த உரிமையைத் தரும் 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தை, அப்போது புது எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். மடக்கு நாற்காலிகள், ஒரு கெட்டில், தெருவிளக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மணி நேர விவாதம். விளக்கே வேண்டாம், நட்சத்திரம் தெரியட்டும் என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற நாட்டில் அந்த முடிவின் அர்த்தம், உங்கள் கோட்டுப் பையில் எப்போதும் டார்ச் இருக்க வேண்டும் என்பது.

கூட்டம் நடப்பது ஊர் மண்டபத்தில். காலையில் குழந்தைகள் விளையாட்டு, மதியம் முதியோர் சாப்பாடு, ராத்திரி யோகா. சாவி ஏதோ ஒரு வீட்டில் ஆணியில் தொங்கும். எந்த வீடு என்று தெரிந்த நாளில் நீங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டீர்கள். மாதா கோயிலில் பாதிரியார் வாராவாரம் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒருவரே பல ஊர்களுக்குப் பொறுப்பு. ஆனால் மணி அடிக்கிறவர்கள் வாரம் ஒரு சாயங்காலம் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பாட்டு வாசிப்பதில்லை, மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். ஆறு மணிகள் இருந்தால் 720 வரிசை, ஒன்றுகூடத் திரும்ப வராமல். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எப்போதும் தயார், மதம் கேட்கமாட்டார்கள்.

கடையும் பப்பும் மூடுவதுதான் எல்லா ஊருக்கும் பயம். கும்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற ஊரில் ‘ஓல்ட் கிரௌன்’ பப்பை 2003-இல் ஊராரே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். நாட்டிலேயே அப்படிக் கூட்டுறவாக வாங்கிய முதல் பப் அது. சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் ஊருக்கு வந்துகொண்டிருந்த நூலக வண்டி நின்றபோது, பழைய சிவப்பு டெலிபோன் கூண்டை ஒரு பவுண்டுக்கு வாங்கிப் புத்தக அலமாரி ஆக்கினார்கள். 2011-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பப்பையோ கடையையோ ஊர்ச் சொத்து என்று பதிந்துவைத்தால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது ஊராருக்குப் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். ஊருக்குத்தான் விற்றாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் அந்த ஆறு மாதம் எத்தனையோ கடைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இவ்வளவையும் செய்கிறவர்களின் வயதைக் கவனியுங்கள், பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். அடுத்து இந்த வேலைகளை ஏற்க வேண்டிய, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளால் அங்கே வீடு வாங்க முடியவில்லை. கார்ன்வாலிலும் கும்பிரியாவிலும் பல வீடுகள் நகரத்துக்காரர்களின் விடுமுறை வீடுகள், குளிர்காலத்தில் அவற்றின் ஜன்னல்கள் இருண்டே கிடக்கும். 2025 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகளுக்கு இருமடங்கு வரை வரி போடக் கவுன்சில்களுக்கு அதிகாரம் வந்திருக்கிறது. அது மட்டும் போதாது, வீடு கட்டியாக வேண்டும். ஊர் எல்லையை ஒட்டி, சாதாரணமாகக் கட்டட அனுமதி கிடைக்காத நிலத்தில், உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும் குறைந்த விலை வீடுகள் கட்ட விதிவிலக்கு இருக்கிறது. அப்படி ஒரு திட்டம் வந்தால் கம்பத்தில் அறிவிப்புத் தாள் கட்டுவார்கள். காட்சி கெட்டுவிடும், கார் கூடிவிடும் என்று எதிர்ப்புக் கடிதங்கள் குவியும், எழுதுகிறவர்கள் நல்ல மனிதர்களாகவும் இருப்பார்கள். நீங்கள் அங்கே இருந்தால், கருத்துச் சொல்லத் தரும் 21 நாளுக்குள் ஆதரித்து ஒரு கடிதம் எழுதுங்கள். பாரிஷ் கவுன்சிலுக்கு மட்டும் எழுதினால் போதாது, அவர்கள் கருத்துத்தான் சொல்லலாம். அனுமதி தருவது அதற்கு மேலே உள்ள கவுன்சிலின் திட்டப் பிரிவு, கடிதம் அங்கே போக வேண்டும்.