தடைக்காலமும் தடையும்: பரமட்டா ஆற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

ரொறன்ரோவில் வாழும் நம்மவர் இலையுதிர் காலத்தில் ஹம்பர் ஆற்றங்கரைக்குப் போய், ஒன்ராறியோ ஏரியிலிருந்து சல்மன் மீன்கள் எதிர்நீச்சலடித்து ஏறுவதைப் பார்ப்பதுண்டு. சிட்னியில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. இங்குள்ள கடலோர ஆறுகளின் சுதேச மீனான பாஸ் நன்னீரில் வளர்கிறது. குளிர்காலம் நெருங்கும்போது ஆற்றோடு கீழிறங்கி, உப்பு நீர் கலக்கும் கழிமுகத்தில் முட்டையிடுகிறது. 'அவுஸ்திரேலிய சல்மன்' என்று இங்கே விற்கப்படுவது பெயரளவில் மட்டுமே சல்மன். அது வேறொரு கடல் மீன்.

பாஸ் மீனின் இந்த இடப்பெயர்வுதான் நியூ சவுத் வேல்ஸ் மாநில விதியின் அடிப்படை. மே 1 முதல் ஓகஸ்ட் 31 வரை ஆறுகளிலும் கழிமுகங்களிலும் பாஸ் மீனையோ அதன் நெருங்கிய இனமான கழிமுகப் பேர்ச்சையோ எவரும் வைத்திருக்கக் கூடாது. தூண்டிலில் அகப்பட்டால் உடனே விட்டுவிட வேண்டும். மற்ற மாதங்களில் இரண்டு இனமும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 மீன். ஆறுகளில் பிடிப்பதாயின் அவற்றில் ஒன்று மட்டுமே 35 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதாக இருக்கலாம். பெரிதாக வளர்பவை பெண் மீன்களே என்பதை அறிந்தால் இந்த அளவின் நியாயம் புரியும்.

இவ்விதியில் ஒரு விலக்கும் உண்டு. அணைகட்டிய நீர்த்தேக்கங்களுக்கும் அவற்றுக்கு மேலுள்ள ஆறுகளுக்கும் தடைக்காலம் இல்லை. அங்கே விடப்பட்ட மீன்கள் அணையைத் தாண்டிக் கழிமுகத்தை அடைய முடியாது. ஆகவே அங்கு காப்பாற்றுவதற்கு முட்டையிடும் பருவமும் இல்லை. தன் காரணம் முடியும் இடத்தில் இந்தத் தடையும் முடிந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கு இது புதிது. 1980களில் வடகடலில் மீன்பிடி தடைசெய்யப்பட்டபோது அதற்கும் மீனின் வாழ்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. தடையை அறிவித்தது கடற்படை. அந்த அனுபவத்தோடு வந்த நம்மில் சிலர் எல்லாத் தடையையும் அதிகாரத்தின் குரலாகவே கேட்கிறோம். வேறு சிலர் அகதிக்கு விதி எதற்கு, பணிவே போதும் என்கிறார்கள். இரு சாராரும் காரணத்தைக் கேட்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாளாகவும் 2017 முதல் 61 நாளாகவும் நடைமுறையிலுள்ள விசைப்படகுத் தடைக்காலமும், இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலுக்கு விதித்த தடையும், காரணத்தைக் கேட்டே ஏற்கவோ மறுக்கவோ வேண்டியவை.

இனி நமது வாசற்படிக்கு வருவோம். வென்ட்வேர்த்விலின் ஓடைகள் டூங்கபி ஓடை வழியே பரமட்டா ஆற்றில் சேர்கின்றன. விலாங்குகள் தங்குமிடம் என்ற பொருளில் பூர்வகுடி மக்கள் வழங்கிய பெயர் அது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், ரோட்ஸ் என்னுமிடத்தில், யூனியன் கார்பைட் ஆலை களைகொல்லிகளைத் தயாரித்தது. ஆம், 1984இல் போபாலில் விஷவாயு கசிந்ததும் இதே நிறுவனத்தோடு சம்பந்தப்பட்ட ஆலையிலிருந்துதான். ரோட்ஸிலிருந்து வெளியான டயொக்சின் ஹோம்புஷ் விரிகுடாச் சேற்றில் படிந்தது. 2006இல் சிட்னித் துறைமுகத்தில் வணிக மீன்பிடி முற்றாக நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனையோ இறாலையோ நண்டையோ உண்ணவே கூடாது என்பது அரசின் ஆலோசனை.

இது ஆலோசனை மட்டுமே என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டு மீனைத் திரும்ப விடுபவரை அது பாதிப்பதில்லை. 2001 முதல் கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுவான மீன்பிடிக் கட்டணத்தைச் செலுத்தி, அளவும் எண்ணிக்கையும் பார்த்து, சட்டத்தை ஓர் எழுத்தும் மீறாமல் ஒருவர் பிடித்த மீன் அவர் வீட்டுக் கறிச்சட்டியில் நஞ்சாகலாம். குழம்புக்காகவே தூண்டில் போடும் நமது முதியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

பாஸ் மீனுக்கான தடை ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்டோடு முடிகிறது. டயொக்சினுக்கு அப்படியொரு திகதி கிடையாது.