கடாய்க்குள் இரண்டு மாற்றம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை பெயர் வாங்கிய அந்த இனிப்பில் சேருவது பாலும் சீனியும் மட்டும்தான். அப்படியென்றால் தண்ணியாக ஓடும் பால் எப்படிக் கட்டிப்படுகிறது?

பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். விறகு அடுப்பின் சூட்டில் அது ஆவியாகிப் போக, கொழுப்பும் புரதமும் பால் சர்க்கரையும் தங்கிவிடுகின்றன. பால் கொதிக்கும்போது அம்மாவை ஒரு தட்டை மேலே பிடிக்கச் சொல்லுங்கள். தட்டின் அடியில் துளித்துளியாகத் தண்ணீர் கோத்து நிற்கும். பாலில் இருந்தபோதும் ஆவியானபோதும் தட்டில் ஒட்டியபோதும் அது தண்ணீரேதான். இது இயற்பியல் மாற்றம். சீனி கரைவதும் இந்த வகைதான்.

இன்னும் கொஞ்ச நேரம் கடாயைப் பாருங்கள். வெள்ளைப் பால் மெல்ல மெல்லச் சந்தன நிறத்துக்கு வருகிறது. பச்சைப் பாலில் இல்லாத ஒரு வாசம் தெருவரைக்கும் வருகிறது. பால் சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பாலில் இல்லாத புதுப் பொருள்களை உண்டாக்குகின்றன. இதை 1912-ல் விவரித்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர். தோசை பொன்னிறமாக முறுகுவதும் இந்த வினையால்தான். இது வேதியியல் மாற்றம். கிளறுகிறவர் கையை நிறுத்தினால் அடியில் தண்ணீர் வற்றிய இடம் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும், நிறம் கருகலாகிவிடும்.

பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம் என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அது போதாது. பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கு வாருங்கள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய ஊர் அது. மில்லில் பஞ்சைச் சிக்கெடுத்து, இழுத்து, முறுக்கி நூலாக்குகிறார்கள். அந்த நூல் மறுபடி பருத்திக் காயாகாது. ஆனாலும் பஞ்சிலும் நூலிலும் இருப்பது செல்லுலோஸ் என்ற ஒரே பொருள்தான். ஆகவே, இயற்பியல் மாற்றம். புதுப் பொருள் உண்டானதா என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பருத்தி இழைமேல் மெல்லிய மெழுகு இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. காரத்தில் வேகவைத்து மெழுகைப் போக்குகிறார்கள். பிறகு சலவை மருந்து பழுப்பு நிறத்தைச் சிதைக்கிறது. நிறம் சிதைவது வேதியியல் மாற்றம். செல்லுலோஸ் அப்படியே நிற்கிறது, இப்போது தண்ணீரை உறிஞ்சுகிறது.

நீங்களே பார்க்கலாம். காயிலிருந்து எடுத்த பஞ்சையும் மருந்துக்கடைப் பஞ்சையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். முதலாவது மிதக்கும், மற்றது நனைந்து மூழ்கும்.